சுவரின் நிறமும் மண்ணின் உரிமையும்

நகரங்கள் வளரும்போது அவற்றின் சில பகுதிகள் மட்டும் பின்தங்கிப் போவதும், அங்கே கூரை சரிந்த வீடுகளும் பூட்டிய ஆலைகளும் குப்பை மேடுகளும் பெருகுவதும், பிறகு எல்லாவற்றையும் இடித்துத் தள்ளுவதே வழி என்று நகராட்சி முடிவெடுப்பதும் எல்லா நாடுகளிலும் நடந்து வருவனவே. இடிப்பதற்கு மாற்றாக, அத்தகைய இடங்களைக் கலைஞர்களும் அங்கேயே வாழும் மக்களும் சேர்ந்து மீட்டெடுக்கும் முயற்சிகள் சமூகக் கலைத்திட்டங்கள் எனப்படுகின்றன. அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுப் பார்வையாளர் வந்து பார்த்துவிட்டுப் போகும் கலையிலிருந்து இது இரண்டு வகையில் வேறுபடுகிறது: படைப்பு இடம்பெறுவது மக்கள் புழங்கும் தெருவில், அதை உருவாக்குவதில் அந்தத் தெருக்காரர்களுக்கும் பங்கு உண்டு, அல்லது உண்டு என்று அறிவிக்கப்படுகிறது.

இவற்றுள் மிகப் பரவலானது சுவரோவியம். செலவு குறைவு, சில வாரங்களில் முடிந்துவிடும், படமெடுத்தால் அழகாக விழும் என்பதால் அரசுகளும் நிறுவனங்களும் அதை விரும்புகின்றன. ஆயினும் இருபது, முப்பது ஆண்டுகள் கழித்துத் திரும்பிப் பார்க்கும்போது, எந்தத் திட்டம் தன் மக்களுக்குக் கடைசிவரை பயன்பட்டது என்பதை ஓவியத்தின் தரம் தீர்மானித்ததாகத் தெரியவில்லை. அந்தச் சுவரும் அது நிற்கும் மண்ணும் யார் பெயரில் இருந்தன என்பதே பெரும்பாலும் தீர்மானித்திருக்கிறது. இதற்குத் தெளிவான சான்று, அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில் 1993இல் தொடங்கப்பட்டு இன்றும் நடைபெற்று வரும் ‘ப்ராஜெக்ட் ரோ ஹவுசஸ்’ என்னும் திட்டமாகும்.

ஹூஸ்டன் நகர மையத்தை அடுத்துத் தென்கிழக்கே அமைந்த பகுதிக்குத் தர்ட் வார்டு, அதாவது மூன்றாம் வார்டு, என்று பெயர். 19ஆம் நூற்றாண்டில் நிர்வாகத்துக்காக வகுக்கப்பட்ட வார்டுகள் பின்னர் நீக்கப்பட்டுவிட்டபோதிலும் பெயர்கள் மக்கள் வழக்கில் நின்றுவிட்டன. அடிமைமுறை ஒழிந்த செய்தி டெக்சாஸில் அறிவிக்கப்பட்ட நாள் 1865 ஜூன் 19; அந்நாளை ஆண்டுதோறும் கொண்டாட ஓர் இடம் வேண்டும் என்பதற்காக, விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் ஜாக் யேட்ஸ் என்ற பாதிரியார் முதலானோரின் முயற்சியில் பணம் திரட்டி, 1872இல் 10 ஏக்கர் நிலத்தை விலைக்கு வாங்கினார்கள். அதுவே இன்றைய விடுதலைப் பூங்கா. ஏழாண்டுகளுக்கு முன்புவரை சட்டத்தின் பார்வையில் தாமே பிறர் உடைமையாக இருந்தவர்கள் நிலத்துக்கு உடைமையாளரானார்கள் என்பதை மனத்தில் கொண்டால்தான், ஒரு நூற்றாண்டு கழிந்தபின் அதே பகுதியில் கலைஞர்கள் செய்ததன் எடை விளங்கும்.

இனப்பிரிவினைச் சட்டங்கள் நடப்பிலிருந்த காலத்தில், வேறெங்கும் இடம் மறுக்கப்பட்ட மக்களின் கடைகளும் தேவாலயங்களும் ஒரு பல்கலைக்கழகமும் இங்கே ஒன்றுகூடின. 1939இல் எழுந்த எல்டொராடோ பால்ரூம் என்ற நடன அரங்கில் ப்ளூஸ், ஜாஸ் இசைக் கலைஞர்கள் வாசித்தார்கள். 1960களில் பிரிவினை நீங்கியது நல்லதே என்றாலும், வசதி பெற்ற குடும்பங்கள் வேறு பகுதிகளுக்குக் குடிபெயர, புதிய நெடுஞ்சாலைகள் குடியிருப்புகளை அறுத்துச் செல்ல, பழைய தர்ட் வார்டில் ஏழைகளும் காலி வீடுகளுமே மிச்சமாயின.

அந்தக் காலி வீடுகளின் அமைப்பைச் சற்று விளக்க வேண்டும். தெருவுக்கு முகப்பாக ஒரு சிறு திண்ணை, அதன் பின்னால் இடைகழி எதுவும் இல்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு மூன்று அறைகள், எல்லாக் கதவுகளும் நேர்கோட்டில் என்றமைந்த குறுகிய மரவீட்டை அமெரிக்கர்கள் ஷாட்கன் வீடு என்பார்கள். முன்வாசலில் சுட்ட குண்டு எதிலும் படாமல் பின்வாசல் வழியே வெளியேறிவிடும் என்பது அப்பெயருக்குச் சொல்லப்படும் வழக்கமான விளக்கம். தமிழ்நாட்டு நகரங்களின் லைன் வீடுகளைப் போல இவையும் வாடகைக்கென்றே நெருக்கமாக வரிசையில் கட்டப்பட்டவை. இந்த அமைப்பு மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஹைத்தி வழியாக நியூ ஆர்லியன்ஸ் நகருக்கு வந்தது என்று கட்டிட வரலாற்றாய்வாளர் ஜான் மைக்கேல் விளாக் நிறுவ முயன்றார். அக்கருத்தை ஏற்போருக்கு, ஏழ்மையின் அடையாளமாக மட்டும் தெரிந்த வீடு, கடல் கடத்திக் கொண்டுவரப்பட்ட ஒரு மக்களின் கட்டிட மரபாகத் தெரியத் தொடங்கும்.

அப்படி முதலில் பார்த்தவர்களுள் முக்கியமானவர் ஓவியர் ஜான் பிக்கர்ஸ். இப்போது டெக்சாஸ் சதர்ன் பல்கலைக்கழகம் எனப்படும் கல்விநிலையத்தில் 1949இல் கலைத்துறையைத் தொடங்கிய அவர், தம் ஓவியங்களில் ஷாட்கன் வீடுகளைத் திரும்பத் திரும்ப வரைந்தார். முக்கோணக் கூரைகள் வரிசையாக எழுந்து நிற்க, ஒவ்வொரு திண்ணையிலும் ஒரு பெண் காவல் தெய்வம்போல நிற்கும் அந்தப் படங்களில் வறுமை மறைக்கப்படவில்லை, ஆனால் அதற்கு ஒரு கம்பீரம் வந்துவிடுகிறது. தர்ட் வார்டில் வாழ்ந்த இளைய ஓவியரான ரிக் லோவை அவை ஆழமாகப் பாதித்தன.

லோ அப்போது வன்முறை, வறுமை முதலியவற்றைச் சித்திரிக்கும் பெரிய ஓவியங்களை வரைந்துகொண்டிருந்தார். அவருடைய பட்டறையைப் பார்க்க வந்த பள்ளி மாணவர்களுள் ஒருவன், இந்தச் சிக்கல்கள் எங்களுக்குத் தெரிந்தவைதாம், புதிதாக எதையும் படைக்கத் தெரிந்தவர் என்றால் ஒரு தீர்வைப் படைத்துக் காட்டலாமே என்ற கருத்தில் கேட்டதாகவும், அதன்பின் தம்மால் பழையபடி வரைய இயலவில்லை என்றும் அவர் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். தீர்வைத் தேடியபோது அவருக்குத் துணை நின்றது ஜெர்மானியக் கலைஞர் யோசஃப் பாய்ஸின் ‘சமூகச் சிற்பம்’ என்னும் கருத்து. கல்லையும் களிமண்ணையும் வடிப்பதுபோலவே மனிதர் கூடி வாழும் முறையையும் வடிக்கலாம், அப்பணியில் ஈடுபடும் எவரும் கலைஞரே என்பது அதன் சாரம். 1982இல் காசெல் நகரில் தொடங்கி, ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு கருங்கல் தூணோடு 7,000 மரங்களை நடும் பணியைத் தம் சிற்பமாக அறிவித்தவர் பாய்ஸ். அவர் 1986இல் இறந்தபின், மறு ஆண்டு அது நிறைவேறியது.

தர்ட் வார்டின் ஹோல்மன் தெருவில் ஒன்றரைத் தெருக்கட்டு நீளத்துக்கு, 1930களில் கட்டப்பட்ட 22 ஷாட்கன் வீடுகள் பாழடைந்து கிடந்தன. நகரின் மோசமான இடங்களைப் பேருந்தில் சுற்றிக் காட்டிய ஒரு பயணத்தில், இடித்தே தீர வேண்டிய இடமென்று அவை சுட்டிக்காட்டப்பட்டன. அதே வரிசையில் பிக்கர்ஸின் ஓவியத்தைக் கண்ட லோ, ஜேம்ஸ் பெட்டிசன், பெர்ட் லாங், ஜெஸ்ஸி லாட், ஃபிளாய்ட் நியூசம், பெர்ட் சாம்பிள்ஸ், ஜார்ஜ் ஸ்மித் ஆகிய ஆறு கறுப்பினக் கலைஞர்களோடு சேர்ந்து அவற்றைக் கைக்கொள்ளும் திட்டத்தில் இறங்கினார். குப்பை அள்ளியவர்களும் சுவருக்கு வண்ணம் பூசியவர்களும் பெரும்பாலும் தன்னார்வலர்கள். இதுவரையிலான கதை பிற ஊர்க் கதைகளிலிருந்து அதிகம் வேறுபடவில்லை. வேறுபாடு அவர்கள் வீடுகளைத் தம் அமைப்பின் உடைமையாக்கிக் கொண்டதில் தொடங்குகிறது.

1994இல் வீடுகள் திறக்கப்பட்டன. ஆண்டுக்கு இரு முறை, சில வீடுகளை ஒவ்வொரு கலைஞரிடம் ஒப்படைத்து, அந்த வட்டாரத்தின் வரலாற்றையும் வாழ்க்கையையும் ஒட்டி வீட்டின் உட்புறத்தையே ஒரு படைப்பாக்கச் சொல்வது வழக்கமாயிற்று. வரிசையின் மற்றொரு பகுதியில் 1996இல் தொடங்கிய ஏற்பாடுதான் பலரை வியப்பில் ஆழ்த்தியது: கணவன் துணையின்றிப் பிள்ளை வளர்த்துக்கொண்டே படிப்பைத் தொடரும் இளம் தாய்மாருக்கு அவ்வீடுகள் குடியிருக்கத் தரப்பட்டன. இதில் கலை எங்கே இருக்கிறது என்ற கேள்வி அன்று எழுந்தது, இன்றும் எழுகிறது. கலைப்படைப்புகள் உள்ள வீட்டுக்கும் ஒரு தாய் தன் குழந்தையோடு பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும் வீட்டுக்கும் நடுவே சில அடி இடைவெளிதான் என்பதும், ஒன்றுக்கு மற்றொன்று பொருள் தருகிறது என்பதும் லோவின் விடை. கோட்பாட்டளவில் இந்த விடை முழு நிறைவு தருவதாகச் சொல்ல முடியாது. தனித்தாய்மார் விடுதியைக் கலை என்று அழைக்காமலேயே நடத்தலாம். ஆனால் கலை என்ற பெயரால் திரண்ட நன்கொடையும் கவனமும் விடுதி என்ற பெயருக்குத் திரண்டிருக்குமா என்பது ஐயமே.

வெற்றிக்கு ஒரு விலை இருந்தது. மனைகளை இன்ன பயனுக்கு என்று வகுக்கும் மண்டலச் சட்டம் இல்லாத பெருநகரம் ஹூஸ்டன். நகர மையத்துக்கு இவ்வளவு அருகில், பாதுகாப்பானதாகவும் புகழ்பெற்றதாகவும் மாறிவிட்ட ஒரு பகுதியில் கட்டிட முதலாளிகள் மூன்று மாடி வீடுகளை எழுப்புவதைத் தடுக்க அங்கே வலுவான சட்டக் கருவி கிடையாது. பின்தங்கிய பகுதியில் வசதி படைத்தவர்கள் குடியேற, நிலமதிப்பும் சொத்துவரியும் வாடகையும் ஏறி, பழைய குடிகள் வெளியேற நேர்வதை நகரவியலார் மேற்குடிமயமாதல் என்பர். தாம் செய்த நற்பணியே அதற்கு வழிகோலுகிறது என்பதைக் கண்ட திட்டத்தார், 2003இல் ரோ ஹவுஸ் சமூக மேம்பாட்டுக் கழகம் என்ற தனி அமைப்பை நிறுவினர். அமெரிக்காவில் இத்தகைய கழகம் என்பது இலாப நோக்கமின்றிக் கடனும் மானியமும் பெற்று, எளியோருக்கு வீடு கட்டிக் குறைந்த வாடகைக்கு விடக்கூடிய சட்ட வடிவம். ரைஸ் பல்கலைக்கழகத்துக் கட்டிடக்கலை மாணவர்கள் ஷாட்கன் வீட்டின் சாயலிலேயே சிறு வீடுகளை வடிவமைத்துக் கொடுத்தார்கள். 22 வீடுகளாகத் தொடங்கியது ஐந்து தெருக்கட்டுகளில் 39 கட்டிடங்களாக விரிந்தது. 1999இல் நன்கொடையாக வந்து சேர்ந்த எல்டொராடோ அரங்கு, பழுதுபார்க்கப்பட்டு 2023இல் மீண்டும் திறக்கப்பட்டது. சுற்றியுள்ள தெருக்கள் மாறிக்கொண்டுதான் இருக்கின்றன. பத்திரம் கையில் இருக்கும் இந்தத் தெருக்கட்டுகள் தாக்குப்பிடிக்கின்றன.

பத்திரம் இல்லாத திட்டத்துக்கு என்ன நேரும் என்பதற்கு டெட்ராய்ட் நகரம் சான்று. அங்கே டைரி கைட்டன் என்ற ஓவியர், 1986இல் தாம் வளர்ந்த ஹைடல்பர்க் தெருவின் காலி வீடுகளுக்கு வண்ணப் புள்ளிகளிட்டு, தூக்கியெறியப்பட்ட பொம்மைகளையும் காலணிகளையும் கொண்டு தெருவையே ஒரு படைப்பாக்கினார். உலகெங்குமிருந்து ஆட்கள் வந்து பார்த்தார்கள். ஆனால் அவற்றுள் பல வீடுகளும் மனைகளும் நகராட்சியுடையவை. ஆகவே 1991இலும் 1999இலும் நகராட்சி இயந்திரங்களைக் கொண்டுவந்து அதன் பகுதிகளை இடித்தபோது தடுக்க வழியில்லை. எஞ்சியவற்றுள் பல 2013, 2014 ஆண்டுகளில் அடுத்தடுத்து நேர்ந்த தீவைப்புகளில் அழிந்தன.

இடிப்பைவிட நுட்பமான இழப்பு ஒன்று உண்டு. ஓவியம் நிலைத்திருக்க மக்கள் வெளியேறுவது அது. மலேசியாவின் பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ் டவுன் இதற்கு உதாரணம். சீனரும் மலாய்க்காரரும், குவீன் தெருவில் 1833இல் மகாமாரியம்மனுக்குக் கோயில் எழுப்பிய தமிழரும், சூலியா தெருவின் தமிழ் முஸ்லிம் வணிகரும் கீழே கடை, மேலே வீடு என்ற அமைப்பில் தலைமுறைகளாக வாழ்ந்த அந்நகரில், 1948க்கு முன் கட்டப்பட்ட கட்டிடங்களின் வாடகையை உயர்த்த முடியாதபடி ஒரு சட்டம் காத்துவந்தது. அச்சட்டம் நீக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு அந்தப் பாதுகாப்பு முடிவுக்கு வந்தபோது, பழைய குடும்பங்கள் பெருமளவில் வெளியேறின. 2008இல் யுனெஸ்கோ அந்நகரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 2012இல் லிதுவேனியாவைச் சேர்ந்த எர்னஸ்ட் சகாரெவிச் ஆர்மீனியன் தெருச் சுவரில், உண்மையான பழைய மிதிவண்டி ஒன்றைப் பதித்து அதில் இரு குழந்தைகள் சவாரி செய்வதாக வரைந்த ஓவியம் உலகப் புகழ் பெற்றது. அழகிய ஓவியம்தான். அந்தத் தெருக்களில் மெய்யாகவே மிதிவண்டி ஓட்டிய குழந்தைகளின் குடும்பங்களில் எத்தனை இன்னும் அங்கே குடியிருக்கின்றன என்ற கேள்வியை மட்டும் படமெடுக்க வரிசையில் நிற்கும் பயணிகள் கேட்பதில்லை.

தென்கொரியத் தலைநகர் சியோலின் இஹ்வா குன்றில் மக்களே பதில் சொன்னார்கள். 2006இல் அரசு உதவியோடு படிக்கட்டுகளிலும் சுவர்களிலும் தீட்டப்பட்ட ஓவியங்களால் அவ்வூர் சுற்றுலாத் தலமாயிற்று. கடை வைத்தவர்களுக்கு வருமானம், மற்றவர்களுக்கு இரவு பகலாக இரைச்சலும் குப்பையும் என்றானது. 2016 ஏப்ரலில் குடியிருப்பவர்களில் சிலர், மிகவும் பெயர்பெற்றிருந்த மீன் படிக்கட்டையும் மலர்ப் படிக்கட்டையும் சாம்பல் நிறச் சாயம் பூசி அழித்தார்கள்.

உரிமைச் சிக்கலுக்கு ஓர் அமைப்பு வழியாகத் தீர்வு கண்டது இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்துக் கிரான்பி. 1981 கலவரத்துக்குப் பின் அப்பகுதியின் செங்கல் வரிசை வீடுகளை நகராட்சி ஒவ்வொன்றாகக் கையகப்படுத்தி, ஆட்களை வெளியேற்றி, வாசலை அடைத்துவைத்தது. 2002க்குப் பின் வந்த அரசுத் திட்டமும் இடிப்பையே முன்வைத்தது. எஞ்சியிருந்த சில குடும்பத்தினர், பெரும்பாலும் பெண்கள், அடைத்த சன்னல்களின் மீது வண்ணம் தீட்டி, தெரு முழுக்கச் செடி வைத்து, மாதச் சந்தை நடத்தி இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். வெறும் ஓவியத்தோடு நின்றிருந்தால் அவர்களும் தோற்றிருப்பார்கள். 2011இல் அவர்கள் சமூக நில அறக்கட்டளை ஒன்றை நிறுவினார்கள். மனை அறக்கட்டளையின் பெயரிலேயே நிரந்தரமாக இருக்கும், வீட்டில் குடியிருப்பவருக்கு வாழும் உரிமை உண்டு, ஆனால் சந்தை விலைக்கு விற்று இலாபம் பார்க்க இயலாது என்பதே அந்த அமைப்பின் அடிப்படை. அறக்கட்டளையோடு இணைந்து பத்து வீடுகளைச் சீரமைத்த ‘அசெம்பிள்’ என்ற இளம் வடிவமைப்பாளர் குழுவுக்கு, பிரிட்டனின் உயரிய கலைப் பரிசான டர்னர் பரிசு 2015இல் கிடைத்தது. இடிபாட்டுக் கற்களை அரைத்துக் கணப்பு மாடங்கள் செய்யும் பட்டறையும், சீர்செய்ய முடியாத அளவுக்குச் சிதைந்த இரு வீடுகளைச் சேர்த்து 2019இல் திறக்கப்பட்ட உள்தோட்டமும் அதன் தொடர்ச்சி.

சமூக நில அறக்கட்டளை என்ற வடிவம் முதலில் தோன்றியது அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், 1969இல் கறுப்பின விவசாயிகளுக்காக நிறுவப்பட்ட ‘நியூ கம்யூனிட்டிஸ்’ என்ற அமைப்பில். அதை வடித்தவர்களுள் ஒருவரான ராபர்ட் ஸ்வான், நிலமற்றோருக்காக நிலத்தைத் தானமாகத் திரட்டிய வினோபா பாவேயின் பூதான, கிராமதான இயக்கங்களால் ஊக்கம் பெற்றவர். தனியாருக்குப் பிரித்துக் கொடுத்த பூதான நிலம் கடனுக்கும் விற்பனைக்கும் ஆளாகிக் கைமாறியதைக் கண்டே, நிலத்தை ஊரின் பொறுப்பில் வைக்கும் கிராமதானம் பிறந்தது. தமிழ்நாட்டில் சர்வோதயத் தொண்டர்களான ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் கால்நடையாக ஊர் ஊராகக் கொண்டுசென்ற அந்தக் கருத்து, கடல் கடந்து சென்று லிவர்பூல் நகரத்துத் தெரு ஒன்றைக் காப்பாற்றியிருக்கிறது.

பிறந்த நாட்டில் அது நகரத்துக்கு வந்து சேரவில்லை. சென்னையின் கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் அகற்றப்பட்ட குடும்பங்களுக்காக 2000ஆம் ஆண்டையொட்டித் துரைப்பாக்கத்தில் உருவாக்கப்பட்ட கண்ணகி நகரில் 15,000க்கு மேற்பட்ட குடியிருப்புகள் உள்ளன. பிழைப்பிடங்களிலிருந்து வெகுதொலைவில் கொண்டுபோய் வைக்கப்பட்டதோடு, முகவரியைச் சொன்னாலே வேலை மறுக்கப்படும் அளவுக்கு அவப்பெயரையும் அம்மக்கள் சுமந்தார்கள். ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை, ஏஷியன் பெயிண்ட்ஸ் நிறுவனத்தின் ஆதரவோடும் மாநகராட்சியின் ஒத்துழைப்போடும் 2020 தொடக்கத்தில் அங்கே மாடி உயரச் சுவரோவியங்களைத் தீட்டி, அதைச் சென்னையின் முதல் கலை வட்டாரமாக அறிவித்தது. வெளியூர், வெளிநாட்டு ஓவியர்களோடு ஏ-கில் போன்ற சென்னை ஓவியர்களும் பங்கேற்றார்கள். கண்ணகி நகர் என்றதும் குற்றச் செய்தி மட்டுமே நினைவுக்கு வந்த நிலையை அது ஓரளவு மாற்றியது என்பதை மறுக்க வேண்டியதில்லை; தன் தெருவைப் பார்க்க வெளியார் வருவதில் ஒரு குழந்தைக்கு உண்டாகும் பெருமிதம் சிறியதன்று.

ஆனால் ஹூஸ்டனையும் கிரான்பியையும் அருகில் வைத்துப் பார்த்தால் குறை புலப்படும். சென்னை வெயிலிலும் வடகிழக்குப் பருவமழையிலும் வெளிச்சுவர்ச் சாயம் சில ஆண்டுகளே தாங்கும். அது வெளுத்த பின் எஞ்சி நிற்க வேண்டியவை பட்டறை, பள்ளி, வருமானம், உரிமை ஆகியன. நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஒதுக்கிய வீட்டைப் பொறுத்தவரை ஒதுக்கீட்டாணை வேறு, கிரயப் பத்திரம் வேறு என்பதை அங்கே குடியிருப்போர் நன்கறிவர். கூவக்கரையிலிருந்து அம்மக்கள் தம்மோடு கொண்டுவந்த கானாப் பாட்டும் கபடியும் அந்த வட்டாரத்தின் பாரம்பரியமே. அவற்றுக்கு ஓர் அரங்கும் ஒரு களமும் நிரந்தரமாக, குடியிருப்போர் சங்கத்தின் பொறுப்பில் அமையுமானால், அது எந்தச் சுவரோவியத்தைக் காட்டிலும் நெடுநாள் பேசும்.

தமிழ்நாட்டு நகர்ப்புற உள்ளாட்சிகளில் வார்டு குழுக்களையும் பகுதி சபைகளையும் அமைப்பதற்கான விதிகள் 2022இல் வெளியாயின. இனி எந்தத் தெருவுக்கேனும் கலைத்திட்டம் என்று யாரேனும் வண்ணத்தோடு வந்தால், அத்தெருவில் வாழ்வோர் பகுதி சபையைக் கூட்டச் சொல்லி, என்ன வரைவது என்று முடிவு செய்வது யார், ஐந்தாண்டு கழித்துப் பராமரிப்பது யார், வாடகை ஏறினால் காப்பது யார், வீட்டுப் பத்திரம் எப்போது வரும் என்ற நான்கு கேள்விகளையும் தூரிகை சுவரில் படுவதற்கு முன்பே கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.